ஐம்பத்திரண்டு கிலோ கைப்பை

2024ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐம்பத்திரண்டு கிலோ இருந்த டிலானியின் கைப்பை, ஓகஸ்ட் மாதம் நாற்பத்தேழு கிலோவுக்கு இறங்கியிருந்தது. பைக்குள் ஒரு சீப்பு, ஒரு ஜெபமாலை, பாதி தீர்ந்த டொபிப் பொட்டலம், கோயில் திருநாளில் எடுத்த ஒரு படம், இவ்வளவுதான். அவற்றில் எதுவும் குறையவில்லை. பை நின்ற இடம், பசறை வீதியில் மூடிக் கிடந்த பழைய தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிக் கட்டிய குளிர்மலை உல்லாசப் பூங்கா. அங்கே பெரிய ராட்டினத்தில் ஏறுவதற்கான வரிசையில் அதற்கு நூற்றுப் பதின்மூன்றாவது இடம். பையின் சொந்தக்காரி அந்த நேரம் அரபு நாட்டு நகரம் ஒன்றில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். பதுளைச் சந்தையில் அந்த மாதம் லீக்ஸ் கிலோ முந்நூற்று இருபது ரூபாய்.

பையை நிறுத்துப் பார்த்தவள் டிலானியின் தாய் மரியகொரட்டி. அவள் சந்தேகப் பிராணி என்பது தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்கல் டிவிசனில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் தெரிந்த விஷயம். கடைப் பாண் ரொட்டியை முகர்ந்து பார்க்காமல் வாங்க மாட்டாள். பஸ் கண்டக்டர் சிரித்துப் பேசினால் அடுத்த தரிப்பிலேயே இறங்கி வேறு பஸ் பிடிப்பாள். சுவாமியார் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்தால் எதையோ மறைக்கிறார் என்பாள். புருஷன் யாகோப்பு இதற்கு நேர்மாறு. யார் எதைச் சொன்னாலும் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டு நம்பிவிடுவான். இரண்டு சந்தேகப் பிராணிகள் ஒரே வீட்டில் இருந்தால் அடுப்பு எரியாது என்று கடவுள் பார்த்துச் சேர்த்த ஜோடி அது. ஆனால் அவளைக் கேலி செய்தவர்களுக்கும் ஒன்று தெரியும். மரியகொரட்டியின் அக்கா குடும்பம் மீரியபெத்தயில் இருந்தது. நகராது என்று எல்லோரும் நினைத்திருந்த மலை 2014இல் ஒரு காலை நேரம் சரிந்து லயங்களின் மேல் இறங்கி வந்தது. அன்றிலிருந்து யாராவது "ஒன்னும் ஆகாது" என்று சொன்னால் மரியகொரட்டி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிடுவாள்.

பை எப்படி அந்த வரிசையில் மாட்டியது என்பதைச் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பீலியில், அதாவது மலைத் தண்ணீரைக் குழாய் வழியாக இறக்கி எல்லோரும் பிடிக்கும் இடத்தில், குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. குடத்தை வைத்துவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போகலாம், சோறு வடிக்கப் போகலாம். முன்னால் இருக்கும் குடத்தை நகர்த்திவிடுவது பின்னால் இருப்பவளின் கடமை. தாண்டிப் போவது பெரிய குற்றம். உடையவளைத் தவிர வேறு ஆள் குடத்தை வரிசையை விட்டு வெளியே எடுப்பது அதைவிடப் பெரிய குற்றம். இந்தச் சட்டம் எங்கும் எழுதியில்லை. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக யாரும் மீறியதில்லை. காஸ் சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாட்கணக்கில் வரிசை நின்ற 2022இல் டவுன் ஆட்களும் கல்லையும் கேனையும் வைத்து இதைப் பழகிக்கொண்டார்கள்.

சித்திரை வருஷம் பிறந்து இரண்டாம் நாள் பூங்கா திறந்தது. டிக்கட் எண்ணூறு ரூபாய். வந்தவர்களில் பாதிப் பேர் சுற்றுவட்டாரத் தோட்டத்து ஆட்கள். ராட்டினத்து வரிசை இரும்புக் கம்பிகளுக்குள் ஆறு மடிப்பு மடிந்து, அதற்கும் வெளியே போய் மலசலகூடத்து வாசல்வரை நின்றது. அந்த மலசலகூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. மேலே கூரை இல்லை. பதினொரு மணிக்குத் தலையைப் பிளக்கும் வெயில், பன்னிரண்டுக்கு மழை. தோட்டத்துப் பெண்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். குடை, செருப்பு, சாப்பாட்டுப் பை என்று ஆளுக்கு ஒன்றை வரிசையில் வைத்துவிட்டு டர்பன்டைன் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ராட்டினத்தை இயக்கிய றில்வான் அதுவரை பதுளையில் ஓட்டோ ஓட்டியவன். வேலைக்கு வந்து அன்றுதான் முதல் நாள். பெட்டியின் கதவைத் திறந்துவிட்டு, ஆள் எங்கே என்று பார்த்தான்.

"தம்பி, அது நம்ம எடம்தான். ஏத்தி விடுங்க, நாங்க இங்கேருந்து பாத்துக்கிறோம்" என்று மரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

அவனும் குடையையும் செருப்பையும் பெட்டிக்கு இரண்டாக ஏற்றி, கம்பியைப் பூட்டி, பொத்தானை அழுத்தினான். பொருட்கள் மேலே போகப் போக மரத்தடியில் இருந்தவர்களும் எழுந்தார்கள். ராட்டினம் எந்த உயரமோ அந்த உயரம். வட்டம் போட்டு ஆறு நிமிஷத்தில் இருந்த இடத்திலேயே இறங்கினார்கள். அன்று மட்டும் பதினான்கு பேர். அதற்குப் பிறகு தோட்டத்து ஆட்கள் யாரும் ராட்டினத்துக்காக உடம்போடு வரிசை நிற்கவில்லை. ஞாயிறு ஒரு செருப்பை வைத்துவிட்டுப் போனால் செவ்வாய் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது ஏறலாம். மலையில் ஐந்தாறு பெண்கள் கூடையோடு ஒன்றாக எழுந்து சுற்றிவிட்டு இறங்குவதைப் பசறை பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருக்கிறார்கள். கணக்கப்பிள்ளைதான் ஒத்துக்கொள்ளவில்லை. முழு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவது வழக்கம். காற்றில் இருந்தவர்களுக்கு அரைப் பேர்தான் போட்டார். கேட்டதற்கு, "ஆகாயத்துல கொழுந்து இல்லையே அக்கா" என்றார். சங்கம் வந்து பேசி, அந்த ஆறு நிமிஷத்தைத் தேத்தண்ணி நேரத்தில் கழிப்பதென்று முடிவானது. நல்லம்மா மட்டும் யோசனையில்லாமல், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குள் இருந்தபோது அவளுடைய குடை ஏறிவிட்டது. ஆறு நிமிஷமும் பல்லிகளுக்குப் பக்கத்தில் கூரையில் முதுகு ஒட்டிக் கிடந்தாள். மேனுஷா என்ற பெண்ணின் செருப்பைப் பொறாமையில் யாரோ வரிசையை விட்டு வெளியே எறிந்தார்கள். மூன்று வாரம் அவளால் தரையில் கால் ஊன்ற முடியவில்லை. இவற்றிலிருந்து எல்லோரும் தெரிந்துகொண்டவை இரண்டு. பொருள் ஏறும்போது ஆள் கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது. அடுத்தவர் பொருளை வரிசையை விட்டு எடுக்கக் கூடாது.

டிலானி தன் கைப்பையை வைத்தது ராட்டினம் ஓடிய பத்தாம் நாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. வைத்துவிட்டுக் கச்சான் கடலை வாங்கப் போனவளை வாசலில் வேன் வந்து மறித்தது. வெளிநாட்டு ஏஜென்ட் கிரிஷாந்தனின் வேன். அடுத்த வாரம் என்று சொல்லியிருந்த பயணம் அன்றைக்கே என்றான். விசா வந்துவிட்டது, நாளைக்குப் பிளேன், இப்போதே கொழும்புக்குப் புறப்பட வேண்டும். உடுப்புப் பெட்டியை லயத்திலிருந்து அவனே எடுத்து வந்திருந்தான். மரியகொரட்டிக்கு ஆரம்பத்திலிருந்தே அவனைப் பிடிக்காது. முதல் நாள் வீட்டுக்கு வந்தபோது கேட்காமலே எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கி வந்தவன் அவன். சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்று அன்றே சொன்னாள். மகள் கேட்கவில்லை. "நீ சும்மா இரும்மா, உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்றாள். வேன் வளைவில் திரும்பும்வரை, கூட வந்திருந்த தாய்க்குக் கையை ஆட்டிக்கொண்டே போனாள். பையை நினைக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. அன்று மாலை ஐந்து மணிக்கு ராட்டினத்து மோட்டார் எரிந்தது. புதுசு சீனாவிலிருந்து வர வேண்டும் என்று வாசலில் அட்டை தொங்கவிட்டார்கள். ஒன்பது மாதம் அந்த அட்டை தொங்கியது.

வரிசை கலையவில்லை. பிடித்த இடத்தை விட யாருக்கும் மனசில்லை. நல்ல குடை வைத்தவர்கள் அதை எடுத்துக்கொண்டு கல்லை வைத்தார்கள். டிலானியின் பையை மரியகொரட்டி தூக்கிப் பார்த்தாள், அசையவில்லை. ஊரில் இருக்கிறவர்களின் செருப்பும் குடையும் எப்போதும்போல லேசாகத்தான் இருந்தன. பூங்காக்காரர்கள் உள்ளே எதையோ போட்டிருக்கிறார்கள் என்று திறந்து பார்த்தாள். சீப்பும் ஜெபமாலையும்தான் இருந்தன. அவள் விடுகிறவள் இல்லை. கணக்கப்பிள்ளையிடம் கெஞ்சிக் கொழுந்து நிறுக்கும் தராசைக் கேட்டு வாங்கி, இரண்டு ஆம்பிளைகளைப் பிடித்துத் தூக்க வைத்து, நின்ற இடத்தை விட்டு நகர்த்தாமல் நிறுத்தாள். ஐம்பத்திரண்டு. வெளிநாட்டுப் பயணத்துக்காக எடுத்த மெடிக்கல் ரிப்போர்ட்டில் டிலானிக்கு எழுதியிருந்த அதே ஐம்பத்திரண்டு. மரியகொரட்டி அந்த ரிப்போர்ட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் தராசோடு பூங்காவுக்கு வந்தாள்.

மே மாதம் ஐம்பத்தொன்று. ஜூனில் ஐம்பது. டிலானிக்கு வெள்ளிக்கிழமைகளில் பத்து நிமிஷம் போன் கொடுத்தார்கள்.

"என்ன சாப்பிட்ட?"

"கோழிக் கறிம்மா."

"நேத்து?"

"கோழிக் கறிம்மா."

"முந்தா நாளு?"

"கோழிக் கறிதாம்மா. நீங்க கவலப்படாதீங்க."

யாகோப்பு சந்தோஷப்பட்டான். தினமும் கோழி, மகள் கொடுத்துவைத்தவள் என்று லயமெல்லாம் சொல்லித் திரிந்தான். மரியகொரட்டி நம்பவில்லை. கோழிகூட இருக்கட்டும். பிறந்ததிலிருந்து தாயை 'நீ' என்று கூப்பிட்டு எதிர்த்து எதிர்த்துப் பேசிய பிள்ளை, கடல் தாண்டியதும் 'நீங்க' என்கிறது. மரியாதை பிளேனில் ஏறிப் போகும்போது வருமா? யாரோ அவளை அடக்கிவிட்டார்கள். எப்படி அடக்கினார்கள் என்பதை நினைக்கப் பயந்து அவள் வாசலைக் கூட்டினாள். கூட்டிய வாசலையே மறுபடியும் கூட்டினாள்.

ஓகஸ்டில் நாற்பத்தேழு என்று முள் நின்றபோது அவள் தராசைச் சந்தேகப்பட்டாள். அது கூடைக்கு இரண்டு கிலோ, ஈரத்துக்கு இரண்டு கிலோ என்று இருபது வருஷமாக அவளுடைய கொழுந்தைக் குறைத்துக் காட்டிய தராசு. பொய் சொல்லிப் பழகியது. இந்த ஒரு தடவையும் பொய்யாக இருக்கட்டும் என்று மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்துகொண்டு, கடையிலிருந்து உடைக்காத இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைக் கொண்டுவந்து தூக்கிப் பார்த்தாள். முள் இருபத்தைந்தில் நின்றது. பொய் சொன்னது எப்போதும் தராசு இல்லை, அதைப் பிடித்த கை என்று அன்று அவளுக்கு விளங்கியது. அந்த ஆத்திரத்தைக்கூட அவளால் படமுடியவில்லை. மூட்டையின் மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

பதுளையில் கிரிஷாந்தனின் கடைக்குப் போனாள். அவன் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னான், "வெயிட் கொறையிறது நல்லதுதானே அக்கா. இங்க ஆளுங்க அதுக்கு ஜிம்முக்குப் போறாங்க." முறைப்பாடு எடுக்கும் ஓர் அலுவலகத்துக்குப் போனாள். பை எடை குறைவதை அங்கிருந்த ஐயா நம்பவில்லை என்று சொல்ல முடியாது. தோட்டத்து ஆட்கள் பறப்பதை அவரே பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறார். தராசுக்கு இந்த வருஷத்து முத்திரை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், முத்திரை இல்லாத தராசில் குறைந்த எடையைக் குறைந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது என்று விளக்கி, நல்லபடியாக அனுப்பி வைத்தார். டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு நாற்பத்துமூன்று. அந்த வருஷம் மரியகொரட்டி வீட்டில் கேக் அடிக்கவில்லை.

2025 ஜனவரிக் கடைசியில் ராட்டினம் மறுபடியும் சுற்றத் தொடங்கியது. பைக்கு முன்னால் நூற்றுப் பன்னிரண்டு இடம். சரியாக ஓடினால் ஒரு நாளில் முடிய வேண்டிய வரிசை. ஆனால் பூங்காக்காரர்கள் இதற்குள் தங்கநிறக் கைப்பட்டி என்று ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். மூவாயிரத்து ஐந்நூறு கொடுத்தால் கையில் கட்டிவிடுவார்கள். கட்டியவர்களுக்குப் பக்கவாசல், வரிசை கிடையாது. கொழும்பு ஆட்கள் பஸ் பஸ்ஸாக வந்து பக்கவாசலால் ஏறினார்கள். கம்பிக்குள் நின்ற கல்லும் செருப்பும் ஒரு நாளைக்கு ஐந்து இடமோ ஆறு இடமோ நகர்ந்தன. மரியகொரட்டி வேலைக்குப் போவதை விட்டுவிட்டுப் பைக்குப் பின்னால் வந்து நின்றாள். பையைத் தள்ளி நகர்த்த அவள் ஒருத்திதான். காலால் தள்ள மனம் வரவில்லை, குனிந்து கையால் தள்ளினாள். முன்னால் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் அடிக்கடி திரும்பிப் பார்த்தார், அவரைச் சந்தேகப்பட்டாள். ஒரு பெண் பிஸ்கட் நீட்டினாள், அவளை இன்னும் கூடச் சந்தேகப்பட்டாள். செருப்பு கட்டப் போகிற மாதிரிக் குனிந்து கம்பிக்கு அடியால் நுழைந்து முன்னால் நிமிர்கிறவர்களை அவளுக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. "தம்பி, அந்தச் சிவப்புத் தொப்பி நேத்து நமக்குப் பின்னால நின்னது" என்று சத்தம் போட்டாள். மூட்டம் வந்தால் நிறுத்துவார்கள், மழை வந்தால் நிறுத்துவார்கள், பகல் சாப்பாட்டுக்கு நிறுத்துவார்கள். நிறுத்தும்போதெல்லாம் பாட்டு மட்டும் நிற்காது, ஒரே பாட்டு. யாகோப்பு பகலில் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து கம்பிக்கு வெளியே நின்று ஊட்டாத குறையாகக் கொடுத்துவிட்டுப் போவான்.

அவளுக்கு வேண்டியது சவாரி இல்லை. ஏறியவர்கள் ஆறு நிமிஷத்தில் ஏறிய இடத்திலேயே இறங்கிவிடுகிறார்கள். டிலானியும் எழுந்து, சுற்றி, அதே வீட்டுக்குள் இறங்கினால் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று நினைக்கவே அவள் விரும்பவில்லை. மேலே போனது அங்கேயே நிற்க வேண்டும். தெருவே கூடிப் பார்க்கும்வரை நிற்க வேண்டும். மூன்று வாரம் ஒரு சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றால் அதைப் பற்றித் தெரியாதது ஒன்றும் மிஞ்சாது. ஒரு நாள் உச்சியில் யாரோ கதவை ஆட்டியதும் மணி அடித்துச் சக்கரம் நின்றதைப் பார்த்திருந்தாள். றில்வானைக் கேட்டாள்.

"கதவு தொறந்தா தானா நின்னுரும் அக்கா. அப்புறம் பண்டாரவளையிலேருந்து முதலாளி வந்து சாவி போட்டாத்தான் சுத்தும். அதனாலதான் கதவுல கைய வைக்காதீங்கன்னு தொண்ட கிழியக் கத்துறேன்."

அவன் பொய் சொல்கிறானோ என்று வேறு வேறு நாளில் வேறு வேறு மாதிரி ஏழு தடவை கேட்டாள். ஏழு தடவையும் அதையே சொன்னான். அடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்தபோது மகளிடம், துணி எங்கே காயப் போடுகிறாய் என்று கேட்டாள்.

"மொட்டை மாடியிலம்மா. காலையில பத்து மணிக்கு. கால்மணி நேரம் விடுவாங்க. ஏம்மா?"

"இங்க ஒரே மழ. உனக்காச்சும் வெயில் இருக்கேன்னு கேட்டேன்."

அங்கே பத்து என்றால் இங்கே பன்னிரண்டரை. ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் மட்டும் டிலானியின் தலைக்கு மேலே கூரை இல்லை.

பெப்ரவரி மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி ஐந்து நிமிஷத்துக்கு முறை வந்தது. அன்று காலை பை முப்பத்தொன்பது கிலோ. றில்வான் பெட்டியின் கதவைத் திறந்து பிடித்தான். இருபத்தைந்து நிமிஷம் முந்திவிட்டது. இப்போது ஏறினால் டிலானி அந்த வீட்டில் சமைக்கிற குசினியின் கூரையில்தான் போய் ஒட்டிக்கொள்வாள். மூன்று வாரமாக ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்காதவள் திரும்பி, பின்னால் நின்றவர்களை முன்னுக்குப் போகச் சொன்னாள். ஒருவரும் அசையவில்லை. இந்த மனுஷி கையில் பாம்பைக் கொடுத்தாலும் இடத்தைக் கொடுக்க மாட்டாளே, இப்போது ஏன் கொடுக்கிறாள்? அந்தப் பெட்டியில் ஏதோ இருக்கிறது. கம்பி கழன்றிருக்கிறதாம் என்றார் ஒருவர். நேற்று அதிலிருந்துதான் ஒரு பிள்ளை விழப் பார்த்ததாம் என்றார் இன்னொருவர். வரிசை நெடுகச் சந்தேகம் பரவி, கடைசி மடிப்பை எட்டியபோது அந்தக் கதையில் இரண்டு பேர் செத்திருந்தார்கள். பக்கவாசல்காரர்களும் ஏற மறுத்தார்கள். கைப்பட்டி கட்டிய ஒரு பெரியவர் காசைத் திருப்பிக் கேட்டுக் கத்தினார். பின்னாலிருந்து தள்ளினார்கள். முன்னால் நின்றவர்கள் தள்ளாதே என்று கத்திக்கொண்டே தாங்களும் தள்ளினார்கள்.

அப்போதுதான் மரியகொரட்டி, வாழ்க்கையில் யாரையும் நம்பி ஒன்றையும் சொல்லாதவள், உள்ளதைச் சொன்னாள். "என் மக வெளிநாட்டுல மாட்டிக்கிட்டா. இந்தப் பை அவளோட பாரம். ஐம்பத்திரண்டு இருந்தது, இன்னைக்கி முப்பத்தொம்பது. பன்னெண்டரைக்குத்தான் அவள மாடிக்கி விடுவாங்க. நான் மேல கொண்டுபோயி நிறுத்தணும். வேற ஒன்னும் இல்ல சாமி, பெட்டியில ஒரு கொறையும் இல்ல."

றில்வான் மணிக்கூட்டைப் பார்த்தான். இடையில் ஒரு சுற்று விட்டால் பதினாறு பெட்டியையும் ஏற்றி இறக்க முக்கால் மணி நேரமாகும், நேரம் தாண்டிவிடும் என்றான். ஏறாமலும் இருக்க வேண்டும், சக்கரமும் சும்மா நிற்க வேண்டும். நேரே பின்னால், முன்பே வைத்திருந்த கல்லை எடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு காலை எட்டு மணியிலிருந்து நின்றவர் பதுளையில் படிப்பிக்கும் நளீரா டீச்சர். அவர் பையைப் பார்த்தார். குனிந்து அதன் பிடியைத் தூக்கிப் பார்த்தார், முடியவில்லை.

"நாங்க போகல்ல. நீங்க நில்லுங்க, நேரம் வந்ததும் ஏறுங்க" என்று சொல்லிவிட்டு, ஈரச் சிமெந்திலேயே பிள்ளைகளை மடியில் வைத்து உட்கார்ந்தார்.

அவருக்குப் பின்னால் இருந்தவர் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னாலும் உட்கார்ந்தார்கள். காசைத் திருப்பிக் கேட்ட பெரியவர் கைக்குட்டையை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார். ஆறு மடிப்பும் உட்கார்ந்தது. பூங்கா திறந்த நாளிலிருந்து யாரும் யாரையும் தள்ளாத நேரம் அந்த இருபது நிமிஷந்தான். றில்வான் பாட்டையும் நிறுத்திவிட்டான்.

பன்னிரண்டு முப்பத்திரண்டுக்கு நாலு பேர் சேர்ந்து பையைப் பெட்டியில் வைத்தார்கள். மரியகொரட்டி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வேறு யாரும் ஏறவில்லை. உச்சிக்கு வந்ததும் கதவை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தாள். மணி அடித்தது, சக்கரம் நின்றது. பதுளை டவுன் முழுவதும் அங்கிருந்து தெரியும், அந்தப் பக்கம் நமுனுகுல மலை தெரியும், அதற்குத்தான் எண்ணூறு ரூபாய். அவள் எதையும் பார்க்கவில்லை. பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தொடை நொந்தது. இடுப்பில் தூக்கித் திரிந்த காலத்துக்குப் பிறகு மகளை அவள் மடியில் வைத்தது அன்றுதான். பைக்குள்ளிருந்த ஜெபமாலையை எடுத்துச் சொல்லத் தொடங்கினாள். மகள் மாடிக்கு வந்தாளா? மழையென்று துணி காயப் போடாமல் விட்டுவிட்டார்களோ? பாலைவனத்தில் மழை ஏது? பத்து மணி என்று சொன்னது அவளாகச் சொன்னதா, பக்கத்தில் நின்றவர்கள் சொல்லச் சொன்னதா? மூன்றாவது ஜெபமாலையின் நாலாம் பத்தை உருட்டும்போது, நேரம் இரண்டேகால் இருக்கும், மடியில் இருந்த பாரம் இல்லாமல் போனது.

பை இருந்தது. சீப்பும் டொபியும் படமும் இருக்கிற ஒரு பையின் எடை மட்டுமே அதற்கு இருந்தது. ஒற்றை விரலால் தூக்கலாம். மரியகொரட்டி தூக்கிப் பார்த்தாள், குலுக்கிப் பார்த்தாள். ஆள் தப்பினாலும் பாரம் போகும், ஆளே போய்விட்டாலும் பாரம் போகும். இரண்டில் எது என்று கேட்க அந்த உயரத்தில் யாரும் இல்லை. நாலு மணிக்கு முதலாளி வந்து சாவி போட்டு இறக்கியபோது அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். யாகோப்பு ஏதோ ஆறுதல் சொல்ல வந்தான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை மூட்டப் போனான். சனி போனது, ஞாயிறு போனது. அவள் பூசைக்குப் போகவில்லை. போய் என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டு நேரத்தில் மேனுஷா போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அரபு நாட்டில் யாரோ எடுத்த வீடியோ, அதற்குள் இலட்சக் கணக்கானவர்கள் பார்த்திருந்தார்கள். மூன்று மாடி வீட்டுக்கும் மேலே, நடுத் தெருவுக்கு நேராக, ஈரத் துணிக் கூடையை இடுப்பில் வைத்தபடி ஒரு மெலிந்த பெண் நின்றுகொண்டிருந்தாள். மாடியிலிருந்து ஒரு கை துணிக்கொடியைச் சுருக்குப் போட்டு எறிந்தது, எட்டவில்லை. கீழே கூட்டம், பொலிஸ், பிறகு தீயணைப்பு வண்டி. ஏணியை மதிலுக்கு வெளியே நிறுத்தி, இரண்டு பேர் அவளைக் கைபிடித்து இறக்கினார்கள். ஏணியில் அவள் கால் வைத்தபோது அங்கே நேரம் பதினொன்றே முக்கால், இங்கே இரண்டேகால். அந்த நிமிஷமே அவள் வரிசையை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. பையிலிருந்து பாரம் போனது அதனால்தான். பிற்பகலில் தூதரகத்தின் காப்பகத்திலிருந்து போன் வந்தது.

"ஏம்மா, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா நீ? கூடையோட மேல போயி ரெண்டு மணி நேரம்! ஊரே பாக்குது, உனக்கு அறிவிருக்கா?"

நீ என்றாள். மரியகொரட்டி போனை யாகோப்பிடம் கொடுத்துவிட்டு முற்றத்துக்குப் போய், சத்தம் போட்டு அழுது தீர்த்தாள்.

மார்ச் மாதம் டிலானி வந்தாள், முப்பத்தேழு கிலோ. கிரிஷாந்தனின் கடை ஷட்டர் அதற்கு முதல் வாரமே இறங்கிவிட்டது, ஆள் எங்கே என்று தெரியாது. அந்த வீட்டில் என்ன நடந்தது என்று மரியகொரட்டி ஒரே ஒரு தடவை கேட்டாள். "கேக்காதம்மா" என்றாள் மகள். கேட்கவில்லை. எதையும் துருவாமல் விடாத மனுஷிக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று யாகோப்புக்கு மட்டும் தெரியும்.

பிறகு மற்றவர்கள் வரத் தொடங்கினார்கள். வெலிமடை, பண்டாரவளை, மொனராகலை என்று பஸ் மாறி மாறி, மகளின் சீப்பையோ தங்கச்சியின் செருப்பையோ மனைவியின் குடையையோ மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். வரிசையில் வைத்ததும் எதற்கு எவ்வளவு பாரம் ஏறுகிறதென்று தள்ளி நின்று பார்த்தார்கள். பூங்காக்காரர்கள் ஒரு மாதம் முணுமுணுத்துவிட்டு, இடப்பக்கம் புதிதாகக் கம்பி அடித்து, 'வெளிநாட்டில் இருப்போரின் பொருட்கள்' என்று மூன்று மொழியிலும் பலகை வைத்தார்கள். முதலாளி சாவியை றில்வானிடமே கொடுத்துவிட்டார். பன்னிரண்டரைக்குச் சக்கரம் நின்றுவிடும் என்று தெரிந்து கொழும்பு பஸ்கள் இப்போது காலையிலேயே வந்துவிடுகின்றன.

அந்த இடப்பக்க வரிசையைப் பார்த்துக்கொள்வது டிலானிதான். பொருட்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பாள். பாரமாக இருந்தால் தாய்மாரைப் பார்த்து, "நல்லா சாப்பிடுறாங்க, வீட்டுக்குப் போங்க அக்கா" என்பாள். லேசாக இருந்தால், அதைக் கம்பிக்கு வெளியே எடுக்காமல், எல்லோரையும் தாண்டிக் கொண்டுபோய் முதல் இடத்தில் வைப்பாள். அந்த வரிசையில் நாட்கணக்காக நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். இதுவரை ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை.